முறிந்த கொம்பும் ஊன்றுகோலும்: பிழை செய்தவனுக்கு மறுபடியும் ஒரு தொடக்கம் உண்டா?

சூளைக்காரன்
ஞாயிறு, இரவு 9.15

சனிப் பிரதோஷம் என்பதால் நேற்று மாலை பூண்டி ஊன்றீஸ்வரர் கோயிலில் நல்ல கூட்டம். நந்திக்குப் பால் அபிஷேகம் நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு பக்கம் பால் கொம்பைச் சுற்றி இறங்கியது. மறுபக்கம் சுற்றி இறங்கக் கொம்பு இல்லை. நேராக வழிந்து நந்தியின் கண்ணில் விழுந்தது.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் கதையைச் சொன்னார். தேவாரம் பாடிய சுந்தரர் பார்வை இழந்து இந்தக் கோயிலுக்கு வந்து கண்ணைக் கேட்டாராம். இறைவன் கண்ணைத் தராமல் ஒரு கோலைத் தந்தாராம். சுந்தரர் கோபத்தில் அதை வீசியபோது நந்தியின் கொம்பு முறிந்ததாம். அவ்வளவுதான் சொன்னார். நான் அங்கேயே தூணில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

என் கதை இது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தீபாவளிச் சீட்டு நடத்தினேன். 41 பேர். மாதம் 500 ரூபாய், பன்னிரண்டு மாதம். இனிப்பு, பட்டாசு, ஒரு பித்தளைக் குடம், கையில் கொஞ்சம் ரொக்கம் என்று பேச்சு. ஐந்து வருடம் ஒழுங்காகக் கொடுத்தேன். ஆறாவது வருடம் பேராசை பிடித்தது. மழைக்காலத்தில் செங்கல் விலை ஏறும், புரட்டாசியிலேயே ஒரு சூளை பிரித்துவிட்டால் இரட்டிப்பாகும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். சீட்டுப் பணம் முழுவதையும் அதில் போட்டேன். பச்சைக்கல் அறுத்துக் காயப் போட்டிருந்தோம். சூளை அடுக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பாதிக்குக்கூடப் போதவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக நின்ற கல்லெல்லாம் முனை மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடியும் சேறாகிக் கிடந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மனைவி, மகனோடு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டேன். இப்போது ஓசூரில் ஓர் உணவகத்தில் பரோட்டா போடுகிறேன். ஆறு வருடம் ஆகிறது. ஐம்பதாயிரம் சேர்த்திருக்கிறேன். ஊருக்குப் போகலாம் என்று பஸ் ஏறி வந்தேன். திருவள்ளூர் பஸ் நிலையத்தில் எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. கால் எழவில்லை. பூண்டி பஸ்ஸில் ஏறினேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தெரிந்தே தவறு செய்தவனுக்கு இறைவனிடம் இன்னொரு தொடக்கம் கேட்க உரிமை இருக்கிறதா?


வேலன் அடியேன்
ஞாயிறு, இரவு 9.50

கவலை வேண்டாம் ஐயா. மனம் வருந்திவிட்டீர்களே, அதுவே போதும். இறைவன் என்றோ மன்னித்துவிட்டான். நிம்மதியாக இருங்கள்.


பழைய தமிழாசிரியர்
ஞாயிறு, இரவு 11.20

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது நடுக்கதை. முன்னும் பின்னும் தெரிந்தால்தான் கோல் எதற்கு என்பது விளங்கும். 34 ஆண்டு வகுப்பில் தேவாரம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுந்தரர் கண்ணை இழந்தது கால் தவறி விழுந்த மாதிரிப் பிழையால் அல்ல. அவர் கணக்குப் போட்டுச் செய்த பிழை அது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். கோயிலுக்குள் இறைவன் முன்னால் சத்தியம் செய்தால் அது கட்டிப்போட்டுவிடும் என்று தெரியும். அதனால் இறைவனிடமே போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும் என்று கேட்டுக்கொண்டார். திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறார், திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். ஆனால் இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து, மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மகிழடியில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் இதைக் கொண்டாடுகிறார்கள்.

பிறகு வசந்தம் வந்தது. ஆரூர்த் திருவிழா நினைவு வந்தது. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். அவர் திரும்பிப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிடவும் இல்லை. வழி கேட்டுக் கேட்டு நடந்தார். திருமுல்லைவாயில் வழியாக வெண்பாக்கம் வந்தார். அதுதான் நீங்கள் நின்ற கோயில். கொசத்தலை ஆற்றில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து எழுப்பினார்கள். கொம்பு முறிந்த நந்தி அங்கே இருப்பவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி, பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் அதைப் பாடவில்லை. ஆனால் சுந்தரர் தம் வாயாலேயே பாடிய பதிகம் இருக்கிறது. "பிழையுளன பொறுத்திடுவர்" என்று தொடங்கும். பிழைகளைப் பொறுத்துக்கொள்வார் என்ற துணிச்சலில் பிழை செய்தேன் என்கிறார். என்ன ஒப்புதல் பாருங்கள்! தெரியாமல் செய்தேன் என்று சொல்லவில்லை. நீ மன்னிப்பாய் என்று தெரிந்ததால்தான் செய்தேன் என்கிறார். பிறகு, கோயிலுக்குள்தான் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளிருந்து வந்த பதில் மூன்று சொல்கூட இல்லை. "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம்.

இளமையில் அந்தப் பதிலைக் கொடுமை என்று நினைத்தேன். என் மனைவி இறந்த வருடம் அந்தப் பதிகத்தை மறுபடி படித்தேன். "இருக்கிறோம்" என்ற முதல் சொல் அப்போதுதான் காதில் விழுந்தது.

கோலை ஊன்றிக்கொண்டு காஞ்சிக்குப் போனார். அங்கே ஏகம்பம் கோயிலில் இடக்கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு தெற்கே நடந்தார். உடம்பில் நோய் வேறு. திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், குளத்தில் முழுகி எழுந்தபோது அது நீங்கியது. கடைசியில் திருவாரூரில்தான் வலக்கண். ஒற்றியூரிலிருந்து ஆரூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அருள் ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. முதலில் கோல், பிறகு ஒரு கண், பிறகு உடம்பு, பிறகு மறுகண். ஒவ்வொன்றுக்கும் இடையில் நடை.

நீங்கள் கேட்டது உரிமையைப் பற்றி. ஆரூரில் அவர் இறைவனோடு சண்டையே போட்டார். மற்றக் கண்ணைத் தராவிட்டால் நீரே வாழ்ந்துபோம் என்று பாடினார். கேட்க உரிமை உண்டு தம்பி. ஆனால் நடந்துகொண்டே கேட்டார்.


அம்மாவின் மகள்
திங்கள், காலை 6.40

இந்த இழையை இரவு படித்தேன். தூக்கம் வரவில்லை. கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா தையற்காரி. வீட்டுக்கு வீடு போய் ரவிக்கை தைத்துக் கொடுத்து, மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு தீபாவளிச் சீட்டுக்குக் கட்டினார். சீட்டு நடத்தியவர் ஒரு நாள் இல்லாமல் போனார். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு பட்டுப் பாவாடை கிடைத்தது. அரக்கு நிறம், அகலமான சரிகை. பள்ளியில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அது அம்மாவின் கல்யாணப் புடவை என்பது எனக்குப் பதினேழாம் வயதில்தான் தெரிந்தது. பீரோவில் மிச்சத் துணி மடித்து வைத்திருந்தது, முந்தானை மட்டும் இல்லை.

வேலன் ஐயா, "இறைவன் என்றோ மன்னித்துவிட்டான்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். யாருடைய பணத்தை யார் மன்னிப்பது? என் அம்மாவை யாராவது கேட்டார்களா?

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு கேள்வி. சுந்தரருக்குக் கோல் கிடைத்தது, கண் கிடைத்தது, பதிகம் கிடைத்தது. ஒற்றியூரில் விட்டுவந்த சங்கிலியாருக்கு என்ன கிடைத்தது?

சூளைக்காரரே, நீங்கள் எழுதியதில் மழை இருக்கிறது, நந்தி இருக்கிறது, உங்கள் கண்ணீர் இருக்கிறது. அந்த 41 பேரில் ஒருவர் முகம்கூட இல்லை.


சூளைக்காரன்
திங்கள், பகல் 3.30

அம்மா, நீங்கள் சொன்னது உண்மை. வேலை இடைவேளையில் எழுதுகிறேன். பதில் என்று எதுவும் இல்லை.

அந்தச் சீட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பிய இரவில் துணிமூட்டைக்குள் அதையும் வைத்தது ஏன் என்று எனக்கே தெரியாது. நீளவாக்கில் உள்ள கணக்கு நோட்டு. பெயருக்கு எதிரே மாதாமாதம் கட்டம், கட்டத்தில் என் கையெழுத்து. மூன்றாவது பெயர் பூ கட்டி விற்கும் ஒரு பாட்டி. 500-ஐ ஒரே தாளாக அவர் கொடுத்ததே இல்லை. பத்தும் இருபதுமாக, பூ வாசனையோடு, சில நாள் ஈரத்தோடு கொடுப்பார். நான் அதை வெயிலில் வைத்து எண்ணுவேன். பதினேழாவது பெயர் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். முப்பதாவது என் கூடப் படித்தவன். அவன் தங்கை கல்யாணத்துக்கு அந்தக் குடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

41 பேர் முகமும் தெரியும் அம்மா. தெரிந்ததால்தான் ஊர் பஸ்ஸில் கால் எழவில்லை.


கரையோரப் பேத்தி
திங்கள், இரவு 8.05

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். உங்கள் சுந்தரர் கதையைப் படித்ததும் எங்கள் பாட்டி சொல்லும் இராயப்பர் கதை நினைவுக்கு வந்தது. இப்போது பேதுரு என்றுதான் வாசிக்கிறோம், பாட்டிக்கு அவர் கடைசிவரை இராயப்பர்தான்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், குளிருக்காக ஊழியர்கள் மூட்டிய கரிநெருப்பின் ஓரம் நின்று பேதுரு குளிர்காய்ந்தார். அங்கேதான் அவரைத் தெரியாது என்று மறுதலித்தார். மூன்று முறை. சேவல் கூவியது. அவ்வளவு நெருக்கமாக இருந்தவர்.

உயிர்த்தெழுந்த பிறகு இயேசு திபேரியாக் கடற்கரையில் வந்து நிற்கிறார். பேதுருவும் மற்றவர்களும் இரவு முழுவதும் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியலில் இருக்கிறார்கள். வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 மீன். கரைக்கு வந்தால் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். யோவான் எழுதிய நற்செய்தியில் கரிநெருப்பு என்று வரும் இடம் இந்த இரண்டுதான். 18-ஆம் அதிகாரத்தில் மறுதலித்த இடத்தில், 21-ஆம் அதிகாரத்தில் கரையில்.

கரிநெருப்பின் வாசனை கரைக்காரர்களுக்குத் தெரியும். விறகு எரிவது வேறு, கரி கனல்வது வேறு. மீன் எண்ணெய் கனலில் சொட்டினால் எழும் புகை துணியில் ஏறி இரண்டு நாள் போகாது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு அந்த இரவு திரும்ப வந்திருக்கும். பாட்டி இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். "முதலில் சாப்பிட வைத்தார் பார்த்தாயா" என்பார்.

சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுருவுக்கு மனம் வருந்தியது. ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வியே வரவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலையைக் கையில் கொடுத்தார், என் ஆடுகளை மேய் என்று.

ஐயா, நீங்கள் பஸ்ஸில் ஏற முடியாமல் நின்றதை நான் பலவீனம் என்று நினைக்கவில்லை. ஆனால் பேதுருவை வேறு எங்கோ கூட்டிப்போய் ஆறுதல் சொல்லவில்லை. அதே வாசனைக்கு, அதே நெருப்பின் பக்கத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தினார். உங்களுக்கும் அந்த ஊர் பஸ்தான்.


நாகூர் வாசகன்
திங்கள், இரவு 10.30

எங்கள் மார்க்கத்தில் தௌபாவுக்கு, அதாவது பாவமன்னிப்புக் கோருவதற்கு, நிபந்தனைகள் உண்டு. செய்த பாவத்தை விட்டுவிட வேண்டும், அதற்காக வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். இந்த மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில். இன்னொரு மனிதனின் உரிமை அதில் கலந்திருந்தால் நான்காவது வந்துவிடும். உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். சகோதரி கேட்ட கேள்விக்கு எங்கள் பெரியவர்கள் சொல்லும் பதில் இதுதான். சகோதரர் ஐம்பதாயிரத்தை வங்கியில் வைத்துக்கொண்டு கோயிலில் அழுவதைவிட, ஐந்நூறு ரூபாயோடு ஒரு வாசலில் நிற்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.


பழைய தமிழாசிரியர்
செவ்வாய், காலை 5.45

அம்மாவின் மகளுக்கு.

அம்மா, உங்கள் கேள்விக்கு ஒப்பேற்றிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியபுராணத்தில் சங்கிலியாரை ஒற்றியூரில் விட்டபின், கடைசியில் கயிலையில்தான் மறுபடி பார்க்கிறோம். இடையில் அவர் எப்படி இருந்தார், யார் முகத்தைப் பார்த்தார் என்பதை நாம் அறிய முடியவில்லை. வகுப்பில் ஒரு மாணவி இதையே கேட்டாள். அன்று நான், அவர்கள் கயிலையில் அம்மையின் சேடியர், எல்லாம் முன்பே விதித்தது என்று சொல்லி அடக்கிவிட்டேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அது நல்ல பதில் இல்லை என்று அப்போதே தெரியும்.

ஆனால் பரவையாரின் பங்கைச் சொல்ல வேண்டும். அதை நான் முந்திய பதிவில் விட்டுவிட்டேன், தவறு என்னுடையது. வலக்கண் வந்தவுடன் சுந்தரர் கதை முடியவில்லை. ஒற்றியூரில் நடந்தது பரவையாருக்குத் தெரிந்துவிட்டது. கதவு அடைத்தாயிற்று. சுந்தரர் அனுப்பியவர்கள் பேசிப் பார்த்தார்கள், மசியவில்லை. இறைவனிடம் போய் நீரே தூது போம் என்றார் சுந்தரர். நள்ளிரவில் கோயில் அர்ச்சகர் வேடத்தில் இறைவன் ஆரூர்த் தெருவில் நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார்.

பரவையார் முடியாது என்று சொல்லிவிட்டார். இறைவன் வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டு கண்ணையும் கொடுத்தவருக்கு ஒரு பெண்ணின் மனத்தைத் திருப்ப முடியாதா? முடியும். செய்யவில்லை. திரும்பி வந்தார், மறுபடியும் அதே தெருவில் நடந்து போனார். இரண்டாம் முறை தம் உருவோடு போனார், பரவையார் இசைந்தார். அருள் சுந்தரர் பக்கம் இருந்தது என்பதற்காகப் பரவையாரின் கோபத்தை மீறி அது உள்ளே போகவில்லை. வாசலில் நின்றது.

சூளைக்காரத் தம்பி, 41 வாசலிலும் ஒருவர் கதவைச் சாத்தினால் அதை இறைவன் உங்களைக் கைவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். சாத்துவது அவர்கள் உரிமை. மறுபடி போங்கள்.


வேலன் அடியேன்
செவ்வாய், காலை 7.10

சகோதரி, அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. உங்கள் அம்மாவை நினைக்கவில்லை. வருந்துகிறேன்.


அம்மாவின் மகள்
செவ்வாய், இரவு 9.00

வேலன் ஐயா, பரவாயில்லை. ஆசிரியர் ஐயா, அந்த மாணவிக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூளைக்காரரே, என் அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் என்ன விரும்பியிருப்பார் என்று நாள் முழுவதும் யோசித்தேன். பணத்தைவிட, அந்த ஆள் தெருவில் வந்து நின்று, "உங்களிடம் வாங்கினேன், கொடுக்கவில்லை" என்று அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொல்வதை விரும்பியிருப்பார். ஏனென்றால், சீட்டில் அம்மா தம் பேச்சை நம்பிய இரண்டு தோழிகளையும் சேர்த்துவிட்டிருந்தார். பணம் போனபின் அவர்கள் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் அம்மாவை அரித்தது.

உங்கள் நோட்டில் யார் யாரைச் சேர்த்துவிட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் முதலில் போங்கள். மனைவியையும் மகனையும் அழைத்துப்போக வேண்டாம், அந்தப் பேச்சைப் பிள்ளை கேட்கக் கூடாது. பகலில் போங்கள். இரவில் கிளம்பியவர் பகலில் வர வேண்டும்.


சூளைக்காரன்
பத்தொன்பது நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.10

எல்லோருக்கும் வணக்கம். ஊருக்குப் போனேன். பகல் பதினொன்றரைக்கு இறங்கினேன். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். நான் எதிர்க்கவில்லை. பையிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்தார். கையை எடுத்தார், ஒன்றும் பேசவில்லை.

அம்மா சொன்னபடி, ஆட்களைச் சேர்த்துவிட்ட மூன்று பேரிடம் முதலில் போனேன். முதல் வீட்டில் சத்துணவு சமைக்கும் அக்கா. நான் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "இவர்மேல் எந்தத் தவறும் இல்லை, இவரையும் நான்தான் ஏமாற்றினேன்." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சன்னல் வழியாக அழும் சத்தம் கேட்டது. பணத்தைத் திண்ணையில் வைக்கவா என்று கேட்டேன். பதில் இல்லை. வைக்காமல் வந்தேன். அடுத்த முறை மறுபடி போவேன்.

இரண்டாவது வீட்டில் என் கூடப் படித்தவன். அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். இதைச் சொன்னது அவன் தங்கை, குடம் கிடைக்காமல் கல்யாணம் ஆன அதே தங்கை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பித்தளைச் செம்பில் கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. குடி அண்ணா என்றாள். குடித்தேன்.

மூன்றாவது பூக்காரப் பாட்டி. அவருக்கு வர வேண்டியது ஆறாயிரம். இப்போதைக்கு எல்லோருக்கும் கொஞ்சமாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்கு இரண்டாயிரம் வைத்திருந்தேன். பத்தும் இருபதுமாக மாற்றிக்கொண்டு போயிருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். பாட்டி மடியில் கொட்டி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். பிறகு சீட்டு நோட்டை என் பக்கம் தள்ளி, மிச்சம் எவ்வளவு என்று நீயே எழுது என்றார். எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிச் சீருடையில் இருந்த பேத்தியைக் கூப்பிட்டு, இவன் என்ன எழுதியிருக்கிறான் என்று வாசிக்கச் சொன்னார். அந்தப் பெண் விரலை வைத்து வாசித்தாள், "பாக்கி நாலாயிரம்."

"அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடு" என்றார் பாட்டி. "பூக்கடைக்கு வா. வீட்டுக்கு வேண்டாம்."

எழுந்து வரும்போது ஒரு முழம் பூ கிள்ளி இலையில் சுற்றி, உன் பெண்டாட்டிக்கு என்று கொடுத்தார். ஓசூர் வந்து சேர்வதற்குள் பாதி வாடிவிட்டது. அவள் வைத்துக்கொண்டாள்.

இன்னும் 38 வீடு இருக்கிறது.


அம்மாவின் மகள்
ஞாயிறு, இரவு 10.45

சத்துணவு அக்கா வீட்டுக்கு மறுபடி போகும்போதும் பகலிலேயே போங்கள். நான்காவது வீட்டைப் பற்றியும் எழுதுங்கள். படிக்கக் காத்திருப்பேன்.